தானே கொரியன் கற்க: ஆப், ஆடியோ, டிராமா, ஆசிரியர் - எது கல்லாவில் கைகொடுக்கும்?

சியோலில் இறங்கிய முதல் இரவு, தங்கியிருந்த இடத்துக்குக் கீழே இருந்த கடையில் தண்ணீர் பாட்டிலும் முக்கோண கிம்பாப்பும் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். ஆறு மாதம் ஆப்பில் படித்திருந்தேன். "இகொ ஜுசேயோ", அதாவது இதைக் கொடுங்கள், தூக்கத்திலும் வரும். கல்லாவில் இருந்த பெண் "போங்து பிரியோஹசேயோ?" என்றார். பை வேண்டுமா, அவ்வளவுதான். எனக்கு ஒரு அசைகூடப் பிடிபடவில்லை. அவர் திரும்பவும் பொறுமையாகக் கேட்டார், அப்போதும் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து எந்த வழியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். நான் பேசுவது இருக்கட்டும், எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பது காதில் விழுகிறதா? பயணத்துக்குப் படிக்கிறவர் சொல்லவேண்டிய வாக்கியங்கள் இருபதோ முப்பதோதான். கேட்கவேண்டியவைதான் அதிகம்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஹங்குல் எழுத்து. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட எழுத்து, இன்றைய கணக்கில் அடிப்படை எழுத்துகள் 24, ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். ஆங்கில எழுத்தில் கொரியனைப் படித்தால் காலம் முழுக்கத் தப்பாகவே உச்சரிப்போம். அந்த ஊர்ப் பெயரையே நாம் சியோல் என்கிறோம், அவர்கள் வாயில் அது "ஸொஉல்" மாதிரி வரும். தமிழ்க் காது இருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல சௌகரியம் உண்டு. பல் என்பதில் வரும் ப வேறு, அன்பு என்பதில் வரும் ப வேறு, ஆனால் எழுத்து ஒன்றுதானே? கொரியனிலும் இதே கதை. இறைச்சிக்கு "கொகி" என்பார்கள், எழுத்து ஒன்றேதான் என்றாலும் முதல் ககரம் கல்லில் வருவது, இரண்டாவது தங்கத்தில் வருவது. காசு, அது என்று முடிக்கும்போது உதடு குவியாமல் ஒரு உகரம் சொல்கிறோமே, அதற்கு அங்கே தனி எழுத்தே இருக்கிறது. மூச்சைத் தள்ளிச் சொல்லவேண்டிய ஒலிகள்தான் நமக்குப் புதிது, அதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

சரி, இனி வழிகள். நான் ஆறு மாதம் படித்த ஆப்பான டுயோலிங்கோ எழுத்து பழகவும் தினமும் உட்காரும் பழக்கம் வரவும் நல்லது. அதைத் தாண்டி நான் எதிர்பார்க்க மாட்டேன். கட்டத்தில் இருக்கும் சொற்களைத் தட்டி வரிசைப்படுத்துவதும், வாயைத் திறந்து பதில் சொல்வதும் ஒன்றல்ல. அதோடு அதில் வருவது இயந்திரக் குரல், தெளிவாக நிறுத்திச் சொல்லும். கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

டாக் டு மி இன் கொரியன் 2009-இல் தொடங்கியது. கொரிய ஆசிரியர்களே ஆங்கிலத்தில் விளக்கும் சிறு சிறு ஆடியோ பாடங்கள், முதல் நிலையிலேயே புழக்கத்தில் இருக்கும் பேச்சு வந்துவிடுகிறது. ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்தால்தான் மனதில் நிற்கும் என்கிற ஆளுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் விளக்கம் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்தது. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பெரியவர்களிடம் வினை மாறும் என்பதையெல்லாம் நிதானமாக விளக்குவார்கள், நமக்கு அது வீட்டுச் சமாச்சாரம். "மொகொ பொசேயோ" என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். மொகொ சாப்பிட்டு, பொசேயோ பாருங்கள், சொல்லுக்குச் சொல் அப்படியே! ஆங்கிலத்தை நடுவில் விடாமல் நேராகத் தமிழில் எழுதிவைத்துப் படித்தால் பாதி நேரம் மிச்சம். (ஹோமர் ஹல்பர்ட் என்பவர் 1905-இல் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, ஆனாலும் படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.)

பிம்ஸ்லர் என்ற ஆடியோ பாடத்தொடர் முழுக்கக் காதும் வாயும்தான். பாடத்துக்கு அரை மணி, கேட்பார்கள், நாம் பதில் சொல்ல இடைவெளி விடுவார்கள், சில நிமிடம் கழித்து அதையே திரும்பக் கேட்பார்கள். பேருந்தில் போகும்போது, சமைக்கும்போது செய்யலாம். சொற்கள் குறைவுதான், காசும் கொடுக்கவேண்டும், ஆனால் நாக்கு தயங்காமல் வர இதற்கு இணை நான் பார்க்கவில்லை. டுயோலிங்கோவில் போட்ட ஆறு மாதத்தில் இரண்டு மாதத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொரிய டிவி தொடர்கள், அதாவது டிராமா பார்த்தே கற்றுக்கொண்டேன் என்பவர்களை மதிக்கிறேன், காது பழக அது உண்மையிலேயே உதவும். ஆபத்து ஒன்றுதான். நண்பர்களும் காதலர்களும் அதில் பேசுவது பன்மல், நம்முடைய "வா, போ" மாதிரி. முன்பின் தெரியாத டாக்சி ஓட்டுநரிடம் அதைப் பேசினால் மரியாதைக் குறைவு. பயணிக்குத் தேவை "யோ" என்று முடியும் பேச்சு. அதனால் டிராமாவில் கடை, உணவகம், மருத்துவமனை வரும் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

எண்களை மட்டும் எந்த ஆப்பையும் நம்பி விடாதீர்கள், தனியாக உட்காருங்கள். இரண்டு வரிசை உண்டு: சொந்தக் கொரிய எண்கள், சீன வழி வந்த எண்கள். மணி பார்த்தால் மூன்று மணிக்கு முதல் வரிசை, பதினைந்து நிமிடத்துக்கு இரண்டாவது, ஒரே வாக்கியத்தில். விலை முழுக்க இரண்டாவது வரிசை. பத்தாயிரத்துக்கு "மான்" என்று ஒரே சொல், லட்சம் அவர்களுக்குப் பத்து மான். ஐந்து இலக்க விலையைச் சட்டென்று பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

செலவில்லாமல் ஒழுங்கான பாடத்திட்டம் வேண்டுமென்றால் கொரிய அரசு ஆதரவில் நடக்கும் செஜோங் கல்விக்கழகத்தின் இணைய வகுப்புகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோவின் வகுப்புகளும் உண்டு. பாபாகோ மொழிபெயர்ப்பு ஆப்பும் போனில் இருக்கட்டும், உணவுப் பட்டியலைப் படம்பிடித்துப் படிக்க அது போதும், கல்லாவில் பின்னால் ஆள் நிற்கும்போது உதவாது.

கடைசியில் என்னைத் தேற்றியது, காசு கொடுத்து இணையத்தில் ஆசிரியரைப் பிடிக்கும் ஐடாக்கி தளத்தில் கிடைத்த ஆசிரியர். மொழி பழகுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசும் ஹலோடாக் ஆப்பில் இலவசமாக ஆள் கிடைக்கும்தான், ஆனால் பேச்சு "சாப்பிட்டாயா"வில் நின்றுவிடுகிறது. காசு கொடுத்தால் கேட்டு வாங்கலாம். வாரம் அரை மணி, இலக்கணம் வேண்டாம், நீங்கள் கடைக்காரராக இருங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள் என்றேன். சூடாக்கித் தரவா, இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எத்தனை பேர், ரசீது வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ஐந்தாவது வாரம் இறைச்சியை எடுத்துவிடுங்கள் என்பதற்கு "கொகி ப்பே ஜுசேயோ" என்றேன். அவர் உடனே, மீன் குழம்பு பரவாயில்லையா என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி புரிந்தது.