சிமெண்டுக் கால்வாயா, புல் வாய்க்காலா?

பினாங்கின் நிபோங் திபாலில் எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) வாசலில் ஓடுவது சிமெண்டுக் கால்வாய். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இருப்பது புல் வாய்க்கால். அந்த வளாகமும் ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டம்தான்.

சிமெண்டுக்குத் தெரிந்த வேலை தண்ணீரைச் சீக்கிரம் துரத்துவது. இடம் அதிகம் கேட்காது. பழைய கடைவரிசைக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் எல்லாத் தெருத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆற்றில் போய் விழுந்தால், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மழை விட்ட மறுநாள் எங்கள் கால்வாயில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கிடந்தது. அதில் தேங்கிய கையளவு தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. டிங்கிக் கொசுவுக்கு அவ்வளவு போதும்.

புல் வாய்க்கால் ஆழமில்லாத பள்ளம், இறங்கி நடக்கலாம். தண்ணீர் புல்லுக்குள் மெதுவாக நகர்ந்து, மணலில் வடிகட்டி, அடியில் புதைத்த, பெட்டி போன்ற வெற்றுக் கூடுகள் வழியாகக் குளங்களுக்குப் போகிறது. மழைக்குப் பிறகு பார்த்தால் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், மேலே தட்டான்கள் பறக்கும். அகலமான இடம் வேண்டும், புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும். சரி, அது செலவுதான்.

மழைநீரை விழுந்த இடத்திலேயே கட்டுப்படுத்தச் சொல்லும் கையேட்டை வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000இலேயே வெளியிட்டது. 2012இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. தோட்டத்தை அழித்துப் புதுத் தாமான் எழுப்பும்போது நிலம் கையில் இருக்கிறது. அங்கே நான் கேட்பது புல் வாய்க்கால்தான்.