பூநகரிப் பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பு: பொருளும் அதைச் சுடுபவரின் தொழிலும்

விடத்தல்தீவில் எங்கள் குடும்பத்துக்குரிய பழைய கல்வீட்டின் சுவர்களைத் திருத்துவதற்காக, பூநகரிக்கும் முழங்காவிலுக்கும் இடையில் இயங்கும் ஒரு சுண்ணாம்புச் சூளையிலிருந்து கடந்த சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் சுட்ட சுண்ணாம்பு வாங்கினோம். பொருள் தரமானது; வாங்கலாம். ஆனால் அது தரமாக இருப்பதற்குக் காரணம் சூளையின் அமைப்போ முதலாளி போட்ட முதலோ அல்ல, அங்கே நெருப்புப் பார்க்கும் ஒருவரின் கண்தான் என்பதால், சுண்ணாம்பைப் பற்றி எழுதும் அளவுக்கு அவருடைய வேலையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. குறைகளையும் சொல்லப்போவதால் சூளையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏ32 வீதியால் போய்வருபவர்களுக்கு அது தேவைப்படவும் மாட்டாது.

சீமெந்து இருக்கும்போது ஏன் சுண்ணாம்பு என்று பலரும் கேட்டார்கள். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டப்பட்டவை. நிலத்தின் ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு சுவரில் ஏறினாலும், சுண்ணாம்புக் காரையின் ஊடாக வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் போக வழியின்றி உள்ளே நிற்கும், உப்புப் பூக்கும், பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும். எங்கள் கடற்பக்கச் சுவரில் முன்பு ஒப்பந்தகாரர் ஒருவர் பூசிக்கொடுத்த சீமெந்துப் பூச்சு, சில மாரிகளுக்குள் வயிறு தள்ளி, தட்டினால் வெற்றொலி கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. மன்னார்க் கோட்டையையும், அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் எஞ்சிய சுவர்களையும் பார்த்தவர்களுக்கு, இந்தக் கடற்கரையில் சுண்ணாம்பு எவ்வளவு காலம் நின்றுபிடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. (அரிப்பு மாளிகையைக் கடல் தின்றது வேறு கதை. அங்கே தோற்றது அதன் கீழிருந்த நிலம்.)

வன்னியின் மேற்குக் கரையில் சூளை அமைந்திருப்பதும் தற்செயலானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணக்கற் படை, பூநகரி, மன்னார் ஊடாகப் புத்தளம் வரை தொடர்கிறது. மேல்மண் மெல்லிதாக உள்ள இடங்களில் கிணறு வெட்டினாலே கல் தட்டுப்படும். அந்தக் கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது காபனீரொட்சைட்டு பிரிந்து போக, எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ மட்டுமே மிஞ்சும். மற்ற 44 கிலோவும் வளியாகப் போய்விடும். வாங்குபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். நன்றாக வெந்த கட்டி தன் உருவத்தை இழக்காமல் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்திருக்கும். நெருப்புப் பார்ப்பவர் ஒரே அளவான இரண்டு கட்டிகளை என் இரு கைகளிலும் வைத்து, “தம்பி, பாரம் சொல்லும், நிறத்தைப் பார்த்து ஏமாறாதேங்கோ” என்றார். இரண்டும் ஒரே வெள்ளை. ஒன்று மட்டும் கையைக் கீழே இழுத்தது. உடைத்துப் பார்த்தபோது அதன் நடுவில் வேகாத சாம்பல்நிறக் கல் இருந்தது.

வீட்டில் செய்து பார்த்த சோதனையிலும் அவர் தெரிந்தெடுத்துத் தந்த சுண்ணாம்பு தேறியது. இரும்புத் தாச்சியில் தண்ணீர் எடுத்து ஒரு கட்டியைப் போட்டோம். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது சீறத் தொடங்கி, வெடிப்புக் கண்டு, ஆவி எழும்ப, கட்டி தானாகவே பிளந்து விழுந்து, கிண்டக் கிண்ட வழுவழுப்பான களியாக மாறியது. அரிதட்டில் வடித்தபோது தங்கிய கல் மிகக் குறைவு. டொலமைற்றுக் கல்லிலிருந்து சுடும் சுண்ணாம்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இவ்வளவு விரைவாக நீறுவதில்லை. கடைகளில் பொதியாக வரும் நீறோ (ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு மா), வெள்ளையடிக்கப் போதுமானதாக இருந்தாலும், நாட்பட்டால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்துப் பாதி சுண்ணக்கல்லாகவே திரும்பிவிடுவதால், காரைக்கு நம்பி எடுக்கத்தக்கதன்று.

இந்தத் தரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சூளையடியில் நின்று பார்த்தால்தான் விளங்கும். அது கல்லாலும் களியாலும் கட்டப்பட்டு, அடி ஒடுங்கி வாய் அகன்ற, நிலத்துக்கு மேலே எழுப்பிய கிணறு போன்ற ஒன்று. அடியில் தீவாய். விறகும் கல்லும் மாறி மாறி அடுக்கப்படும். கல் எல்லாம் கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் அளவாக உடைக்கப்பட வேண்டும். பெரியது உள்ளே வேகாது, சிறியது இடைவெளிகளை அடைத்துக் காற்றோட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே அடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நெருப்பு வைத்த பிறகு வெள்ளைப் புகை வந்துகொண்டிருக்கும் வரை கல் தன் ஈரத்தை விடுகிறது. புகை மெலிந்து, கண்ணாடித் தெளிவாக வெக்கை மட்டும் நடுங்கும் நேரத்தில், தீவாயால் தெரியும் கல்லின் சிவப்பு இருண்ட சிவப்பிலிருந்து செம்மஞ்சளை நோக்கி நகர்கிறது. அதற்கு முன்னே நிறுத்தினால் நடுக்கல் வேகாது. அதைத் தாண்டி நெடுநேரம் விட்டால் கல் இறுகி, தண்ணீரில் போட்டாலும் அசையாது, அல்லது பூசிய பின் மாதக்கணக்கில் மெல்ல நீறி, சுவரிலே சிறு சிறு குழிகளாகப் பொரிந்து தெறிக்கும். சோளகம் பலமாக வீசும் இரவில் தகரத் துண்டாலும் களியாலும் தீவாயில் பாதியை அடைத்து, காற்று விழுந்ததும் திறந்து, மறுபடி அடைத்து, விடியும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சூளையில் வெப்பமானி எதுவும் கிடையாது. ஆறிய பின் கல்லை எடுத்துத் தெரிந்தெடுப்பதும் அவர்தான்.

அவர் தெரிந்தெடுக்காத பொருள் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் கண்டோம். கடைசி ஏற்றத்தின்போது அவர் இல்லை. கூலிக்கு நின்ற பொடியன்கள் கையில் பட்டதை உரப்பைகளில் அள்ளிப் போட்டார்கள். சில பைகளில் வேகாத கல், சிலவற்றின் அடியில் காற்றுப்பட்டு ஏற்கெனவே நீறிப்போன மா. முறையிட்டபோது தகராறு செய்யாமல் மாற்றித் தந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்; ஆனால் லொறிக் கூலி எங்கள் தலையில்தான் விழுந்தது. கேட்டால் மட்டுமே சிட்டை எழுதுகிறார்கள். பைகளை வைத்திருக்கும் தகரக் கொட்டிலின் கூரை ஒழுகக்கூடியது. சுட்ட சுண்ணாம்பில் மழைநீர் பட்டால் அது கொதித்துப் பையையே எரிக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும் கொட்டில் அப்படியே இருக்கிறது.

வேலையிடம் பற்றியும் இதே முறைப்பாடுதான். சுண்ணாம்பு மா வியர்வையில் பட்டாலே தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அங்கே கண்ணாடி அணிந்த ஒருவரைக்கூட நான் காணவில்லை. கைகளுக்குத் தேங்காயெண்ணெய், மூக்குக்குச் சால்வை, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது; அதன்படி இன்று தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். நெருப்புப் பார்ப்பவருக்கு நாட்கூலி மட்டுமே. கல் உடைப்பவரின் கூலியிலிருந்து அவருடைய கூலி பெரிதாக வேறுபடுவதுமில்லை. மாரி பிடித்துச் சூளை மூடினால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அவருடைய மகன் லொறி ஓட்டுகிறார். தொழில் பழக வேறு எவரும் வரவில்லை என்று அவர் சொன்னபோது அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்விக்கு உலக அளவில் விடை எளிது. இரும்புருக்கு, சீனி, குடிநீர்ச் சுத்திகரிப்பு, கடதாசி ஆகிய தொழில்கள் சுண்ணாம்பின்றி நடக்கமாட்டா. ஆனால் அவை வாங்கும் சுண்ணாம்பு பாரிய சுழற்சூளைகளிலும் பொறிமயமான நிலைக்குத்துச் சூளைகளிலும் சுடப்படுகிறது. அங்கே சூளை இயக்குநர் தீவாயைப் பார்ப்பதில்லை, திரையில் வெப்பநிலையையும் வளிப் பகுப்பையும் பார்க்கிறார். விறகைவிட்டு எந்தத் தூய எரிபொருளுக்கு மாறினாலும் கல்லிலிருந்தே வெளியேறும் அந்த 44 கிலோவைத் தவிர்க்க முடியாது என்பதால், அந்தக் காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சேமிக்கும் முயற்சிகள் அத்தொழிலில் நடக்கின்றன; வருங்காலத்து இயக்குநர் அதையும் அறிந்திருக்க வேண்டும். நம்முடைய நெருப்புப் பார்ப்பவருக்குக் காற்றோட்டம், கல்லளவு, வேக்காடு எல்லாம் தெரியும், ஆனால் அது தெரியும் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை.

வன்னிக்குள் நிலைமை இறுக்கமானது. வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர்கள் குறைந்து, பொங்கலுக்குக்கூட இமல்சன் பூச்சு வாங்குகிறார்கள். முற்காலத்தில் கரையோரச் சூளைகள் பல முருகைக்கல்லையே (பவளப்பாறைக் கல்லையே) சுட்டன. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1988 இல் வந்த திருத்தமும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன, வைத்ததும் சரியே. தரைக்கல்லை எடுக்க 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். விறகுக்கும் காடு இனிக் கைகொடுக்காது. இதற்கும் மேலாக, பூநகரிப் பகுதியிலுள்ள பொன்னாவெளியில் சீமெந்துத் தேவைக்குச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்து நின்றதைப் பார்த்தோம். சுண்ணக்கற் படைதான் நன்னீரைத் தாங்கி வைத்திருக்கிறது, அதைத் தோண்டினால் கிணறுகளில் உப்பு ஏறும் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. சிறு சூளை ஒன்று எடுக்கும் கல் அத்தகைய திட்டத்தோடு ஒப்பிடத்தக்கதன்று என்றாலும், அதிகமாகச் சுட்டு மலிவாக விற்பது என்ற வழி இந்தச் சூளைக்கும் அடைபட்டுவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

எஞ்சியிருப்பது குறைவாகச் சுட்டு, நன்றாகச் சுட்டு, கூடிய விலைக்கு விற்பது. மீன், இறால் வளர்ப்புக் குளங்களும் கோழிப் பண்ணைகளும் சுண்ணாம்பு கேட்கின்றன. வெற்றிலைக்கும் இன்னும் வேண்டும். பழைய கோயில், தேவாலயம், வீடு ஆகியவற்றைத் திருத்துபவர்களுக்கோ வேண்டியது கட்டியோ மாவோ அல்ல, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்புக் களி. அதைச் சூளைக்காரர் விற்பதில்லை. இரண்டு சீமெந்துத் தொட்டி கட்டி, மாரி மாதங்களில் களியை ஊறவைத்து விற்றால், மழையில் கெட்டுப்போகும் பொருளே மழைக்காலத்து வருமானமாகும். நெருப்புப் பார்ப்பவருக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். அரிசி ஆலைகளில் குவியும் உமியை மிதமான சூட்டில் எரித்தெடுத்த சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் சாந்து கிடைக்கும். செங்கட்டித் தூளும் அவ்வாறே. கிளிநொச்சியில் உமிக்குப் பஞ்சமில்லை. இவற்றை முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர்கள் ஆவணிக்கு முன்பே சொல்லிவைத்து, நெருப்புப் பார்ப்பவர் நிற்கும் நாளாகப் பார்த்து நேரில் போய் ஏற்றுவது நல்லது. பையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியை உடைத்துப் பார்க்கலாம். அதற்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை. நீற்றும்போது இரும்பு அல்லது சீமெந்துத் தொட்டியில் முதலில் தண்ணீரை விட்டுப் பிறகு சுண்ணாம்பைப் போட வேண்டும், மாறிச் செய்யக்கூடாது. பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. சிறுவர்களைத் தள்ளி வையுங்கள், கண்ணாடி அணியுங்கள். ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் என்ற அளவில் மெல்லிய படைகளாகப் பூசி, சோளகக் காற்று காரையைச் சட்டென்று உலர்த்திவிடாதபடி நனைத்த சாக்கை ஒரு வாரமாவது சுவரில் தொங்கவிட வேண்டும். இதற்கு இசையாத மேசனை வேலைக்கு வைத்தால் எந்தச் சூளைச் சுண்ணாம்பும் வெடிக்கத்தான் செய்யும்.