சின்ன உடம்புக்கு எந்த ஹோல்ஸ்டர்? வாங்கிப் பார்த்த நாலும் கடைசியில் நின்ற ஒன்றும்

ஹோல்ஸ்டர், அதாவது கைத்துப்பாக்கியை உடம்பில் மாட்டிக்கொள்ளும் உறை, பற்றிக் குள்ளமும் ஒல்லியுமாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஆணானாலும் பெண்ணானாலும். என் உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 44 கிலோ, இடுப்பு 26 அங்குலம். என்னிடம் இருப்பது கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பாயிண்ட் 32 (குண்டின் அளவு) ரிவால்வர், அப்பா வைத்திருந்தது, அவருக்குப் பிறகு முறைப்படி விண்ணப்பித்து என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஹைவேயில் எங்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, வசூலை பேங்கில் கட்டிவிட்டு வருவது என் பொறுப்பு. ஹோல்ஸ்டர் பற்றி எங்கே தேடினாலும் வரும் யோசனையெல்லாம் ஆறடி உயரமும் அகன்ற இடுப்பும் உள்ளவர்களுக்குச் சொன்னது. அதை அப்படியே நம்மேல் மாட்டினால் துணிக்குள் சுத்தியலைச் செருகிய மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஏன் மறைக்க வேண்டும், லைசென்ஸ்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில், முழுக்க மூடி, நம் கட்டுப்பாட்டில் இருக்கும்படிதான் கொண்டுபோக வேண்டும். விதியை விடுங்கள், பணப்பையோடு போகிற ஒரு சின்ன உருவத்துப் பெண்ணின் இடுப்பில் துப்பாக்கி தெரிந்தால் கொள்ளையடிக்க வருகிறவன் அதைப் பிடுங்கத்தான் முதலில் யோசிப்பான்.

சரி, உடம்பு விஷயம். பேரல், அதாவது குழாய், நீளமாக இருப்பதுதான் மறைக்க இடைஞ்சல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பேரல் இடுப்புக்குக் கீழே போய் அடங்கிவிடும். வெளியே காட்டிக்கொடுப்பது பிடி. ரிவால்வரில் குண்டு போடும் உருளையான சிலிண்டரும் சேர்ந்து தடிப்பு காட்டும், ஆனால் முதல் எதிரி பிடிதான். பெரிய இடுப்பில் பக்கவாட்டில் ஓரளவு தட்டையான இடம் உண்டு, பிடி உடம்போடு ஒட்டி நிற்கும். 26 அங்குல இடுப்பில் தட்டையே கிடையாது, எல்லாம் வளைவு. உடம்பு வளைகிறது, பிடி வளையாமல் நேராகப் போகிறது, அதன் முனை துணியைத் தூக்குகிறது. இன்னொன்று, விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நமக்கு இருக்கும் இடம் ரொம்பக் குறைவு. உயரமாக உட்காரும் ஹோல்ஸ்டர் மாட்டினால் பிடி விலாவில் குத்தும், எடுக்கும்போது முழங்கையைக் காதுவரை தூக்க வேண்டியிருக்கும். ஆகவே என்ன பிராண்டு, என்ன தோல் என்று பார்ப்பதற்கு முன்னால், உடம்பில் எந்த இடத்தில் வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். இடம் முதலில், பெல்ட் அடுத்து, ஹோல்ஸ்டர் மூன்றாவது.

முதலில் வாங்கியது துப்பாக்கிக் கடையில் கொடுத்த சாதாரண தோல் உறை, பெல்ட்டுக்கு வெளியே வலது பக்கம் தொங்குவது, மேலே பட்டன் வைத்த வார். காவலுக்கு நிற்பவர்களுக்கு அது போதும். எனக்கு அது தொடையில் பாதிவரை வந்தது, சுடிதார் டாப் அதன்மேல் கூடாரம் போட்டது. இதைப்பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ஆன்லைனில் வந்த நைலான் உறை, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம். உள்ளே ரிவால்வர் ஆடியது. வெளியே எடுத்ததும் வாய் சப்பென்று மூடிக்கொண்டது, திரும்ப வைக்க இன்னொரு கையால் வாயை விரிக்க வேண்டும், அப்போது அந்தக் கைவிரல் குழாய் முன்னால் வருகிறது. ஹேமர், அதாவது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி, உள்துணியில் மாட்டி நூல் பிரிந்தது. விலை குறைவு என்று யாரும் இதைத் தொடாதீர்கள்.

பெல்லி பேண்டு, அதாவது வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகல எலாஸ்டிக் பட்டை, ஒல்லியான பெண்களுக்கு இதுதான் சரி என்று நிறைய பேர் சிபாரிசு செய்கிறார்கள். மறைப்பு என்று பார்த்தால் உண்மையிலேயே அருமை, புடவையிலும் கட்டலாம், பெல்ட் தேவையில்லை. ஆனால் நான் பார்த்ததில் டிரிகர் (சுடும் விசை) மேல் இருந்தது வெறும் எலாஸ்டிக் துணி. வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் டிரிகர் வளையம் கையில் தட்டுப்படுகிறது. டிரிகரையும் அதன் வளையத்தையும் கெட்டியான பொருள் ஒன்று முழுக்க மூடவில்லை என்றால் அது ஹோல்ஸ்டரே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமாதானமும் வேண்டாம். டிரிகர் இடத்தில் கெட்டி உறை வைத்துத் தைத்த பேண்டு கிடைத்தால் யோசிக்கலாம். அப்புறம் நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த எலாஸ்டிக் வயிற்றைச் சுற்றி எப்படி இருக்கும் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை நல்ல பொருள். வியர்வை ஏறாது, வாய் மூடாது, டிரிகரை இறுகக் கவ்வும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மாடலின் அச்சில் சூடாக்கி அழுத்திச் செய்வது, வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு வரும் உறையில் நம் கான்பூர் ரிவால்வர் உட்காராது. ஐந்து குண்டு போடும் சின்ன அமெரிக்க ரிவால்வருக்கான உறை ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிப் பார்த்தேன், சிலிண்டரே நுழையவில்லை. உங்கள் மாடலை வைத்தே செய்து கொடுக்கிறவர் கிடைத்தால் தாராளமாகப் போங்கள்.

எனக்கு நின்றது தோல் உறைதான், ஆனால் அளவெடுத்துச் செய்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி பக்கம்தான், ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல். இருந்தாலும் அங்கே கிடைக்கும் எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. ஷூவுக்கும் பைக்கும் போகிற, குரோம் ரசாயனத்தில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், வடிவம் நிற்காது, அதில் மிச்சமிருக்கும் ரசாயனம் இரும்புக்கும் நல்லதில்லை. கேட்டு வாங்க வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். நம் பக்கம் காட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூக்கிறதே ஆவாரை, அதன் பட்டையிலும் கடுக்காயிலும்தான் அந்தக் காலத்தில் தென்னிந்தியத் தோலைப் பதனிட்டார்கள். இந்த வகைத் தோல் நனைத்து அழுத்தினால் அழுத்திய வடிவத்திலேயே காய்ந்து கெட்டியாகிவிடும். ஹோல்ஸ்டருக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

லைசென்ஸ் இல்லாத ஒருவரிடம் ரிவால்வரைக் கொடுத்துவிட்டு வர முடியாது, கூடவும் கூடாது. அதனால் எங்கள் ஊர் தச்சரிடம் தேக்குக் கட்டையில் ஒரு மாதிரி செய்யச் சொன்னேன். சிலிண்டர் தடிப்பு, டிரிகர் வளையத்தின் அகலம், 3 அங்குல பேரல், பிடியின் சாய்வு எல்லாவற்றையும் வெர்னியரில் நானே அளந்து எழுதிக் கொடுத்தேன். தோல்காரர் அந்தக் கட்டையை நனைந்த தோலுக்குள் வைத்து, ஒரு வழவழப்பான கொம்புக் கட்டையால் சிலிண்டரின் ஓரத்தைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்து இறக்கினார், டிரிகர் வளையம் தோலின் மேல் கோடாக எழும்பி வரும்வரை விடவில்லை. வாய்ப் பக்கம் உள்ளே ஒரு மெல்லிய தகடு வைத்துத் தைத்திருப்பதால் ரிவால்வரை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்கிறது. உடம்புப் பக்கத் தோலை ஹேமர் உயரத்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிவிட்டிருக்கிறார், ஹேமர் வயிற்றில் உரசாது, வியர்வையும் நேராக இரும்பில் படாது. கூலியும் தோலும் சேர்த்து 2,800 ரூபாய், தச்சருக்குத் தனி.

மாட்டும் இடம்: பேண்ட்டுக்கு உள்ளே, தொப்புளுக்கு இடது பக்கம், பிடி வலது கையைப் பார்த்து. குறுக்காகக் கை போட்டு எடுப்பது. வலது பக்க முன்வயிற்றிலும் வைத்துப் பார்த்தேன், நிற்கும்போது மறைவு இதைவிட நன்றாகவே இருந்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் குழாய் தொடை மடிப்பில் இறங்கி பிடி மேல் வயிற்றை முட்டியது, காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துப்போனது. முதுகுப் பக்கம் வைத்தால் குனியும்போது பிடி அப்படியே துணியில் அச்சாகிறது. பங்கில் காலையில் டேங்க் மூடியைத் திறந்து டிப் ராடு (அளவுக் கம்பி) விட்டுப் பார்க்கும் வேலை எனக்கு உண்டு, குந்தி உட்கார்ந்து குனிந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் குந்தி உட்கார்ந்து காட்டுவதில்லை, ஆனால் நம் வாழ்க்கையில் அது இல்லாத நாளே இல்லை. கடையில் வாங்குவதானாலும் குண்டில்லாத துப்பாக்கியோடு போய், உறையில் வைத்து, குந்தி எழுந்து, சம்மணம் போட்டு, வண்டியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இடது முன்பக்கம் இந்த எல்லாவற்றிலும் நின்றது. நம்மைப் போன்ற குட்டைக் கைக்கு வயிற்றைத் தாண்டி எட்டுவது சுலபம், முழங்கையைத் தூக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே எடுக்கலாம்.

குறைகள் உண்டு. எதிரில் நிற்பவன் கைக்கும் அந்தப் பிடி நேராக இருக்கிறது, அதனால் ஹேமர் மேல் பட்டன் வார் வேண்டவே வேண்டும், கட்டைவிரல் பட்டதும் திறக்கிற மாதிரி. எடுக்கும்போது குழாய் இடது பக்கம் நிற்பவரைக் கடந்துதான் முன்னால் வரும், ஆகவே காலி ரிவால்வரில் மெதுவாகப் பழக வேண்டும், விரல் டிரிகருக்கு வெளியே. கார் ஓட்டும்போது சீட் பெல்ட் கொக்கி இடது இடுப்பில்தான் வருகிறது, பட்டையைப் பிடிக்குக் கீழாகக் கொண்டுபோய் மாட்டவில்லை என்றால் அவசரத்துக்கு எடுக்க முடியாது.

பெல்ட் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ரிவால்வர் சுமார் 700 கிராம், மெல்லிய லேடீஸ் பெல்ட்டில் மாட்டினால் பிடிப் பக்கம் வெளியே சாய்ந்துவிடும், எவ்வளவு நல்ல ஹோல்ஸ்டரும் வீண். இரட்டைத் தோல் தைத்த, ஒன்றேகால் அங்குல அகலமுள்ள கெட்டி பெல்ட் எனக்குச் சரியாக இருக்கிறது. ஒன்றரை அங்குலம் சின்ன இடுப்பில் மேல் ஓரம் விலாவில் வெட்டும். பெல்ட் அகலமும் ஹோல்ஸ்டர் வளையத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க நடக்க நகரும். இன்னும் துப்பாக்கியே வாங்காதவர்கள், கான்பூரில் 2014-ல் பெண்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வரைப் பாருங்கள், அதே பாயிண்ட் 32, டைட்டானியம் கலவை, எடை சுமார் 500 கிராம். அந்த 200 கிராம் வித்தியாசம் நம் இடுப்புக்கு நன்றாகத் தெரியும். விலைதான் அதிகம், வந்த புதிதிலேயே ஒரு லட்சத்துக்கு மேல்.

புடவைக்கு என்ன செய்வது என்று கேட்கிற பெண்களுக்கு: பாவாடை நாடாவில் இந்த எடை நிற்காது. பாவாடைக்கு மேல் பெல்ட் கட்டி அதன்மேல் கொசுவம் வைத்துப் பார்த்தேன், மறைகிறது, ஆனால் முந்தானையும் மடிப்பும் தாண்டிக் கை உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேங்குக்குப் போகிற நாளில் நான் புடவை கட்டுவதில்லை. பெல்ட் வளையம் வைத்த பேண்ட், மேலே கெட்டியான காட்டன் குர்தா, கீழே விரிந்து போகிற வெட்டு, பூப்போட்ட துணி. மெல்லிய ரேயான் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு பிடியை வரைந்து காட்டும்.

ஹோல்ஸ்டரை ரிவால்வரோடு சேர்த்துக் கழற்றி மாட்டும்படி வளையத்தில் பட்டன் வைக்கச் சொன்னது வீணாகவில்லை. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி வளாகம் எங்கேயும் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை, ஆகவே பிள்ளையைக் கூப்பிடப் போகும் முன்னும், மாங்கனி கண்காட்சிக்குக் கிளம்பும் முன்னும் வீட்டில் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். ரிவால்வரை உறையிலிருந்து எடுக்காமலே கழற்றலாம் என்றால் டிரிகர் பக்கம் கையே போகாது. ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் இன்னொன்றைக் கவனியுங்கள், லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டக் கூடாது.

ராத்திரி தோல் உறைக்குள்ளேயே ரிவால்வரை வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பில் துரு ஏற்றும். உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் லேசாகத் தடவித் தனியாக வையுங்கள். தோலுக்குத் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் போடாதீர்கள், நெகிழ்ந்து வடிவம் போய்விடும். என்னுடையதில் தையலும் வாயும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வளையத்துப் பட்டன் ஒன்று மட்டும் தளர்ந்திருக்கிறது, அடுத்த முறை வாணியம்பாடி போகும்போது பித்தளையில் மாற்றச் சொல்ல வேண்டும், நீங்கள் செய்யச் சொன்னால் முதலிலேயே பித்தளைப் பட்டனாகக் கேட்டுவிடுங்கள்.