போன எடை திரும்பாமல் பார்த்துக்கொண்ட நான்கு ஆண்டுகள்

86 கிலோவிலிருந்து 68-க்கு வர எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் நாலு கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொள்ள மூன்று நீண்ட பயணங்களே போதுமாக இருந்தன. அந்த மூன்றிலும் நான் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடவில்லை என்பதுதான் கடுப்பு.

என் வேலை அப்படி. மாதத்தில் எட்டுப் பத்து நாள் வெளியூர், சில சமயம் ஒரே வீச்சில் இரண்டு வாரம். எடையைக் குறைத்த அந்தப் பதினான்கு மாதமும் தற்செயலாகப் பயணம் குறைந்திருந்த காலம். வீட்டில் பருப்பு, கொண்டைக்கடலை, அவித்த உருளைக்கிழங்கு, கீரை, காய், பழம், தீட்டாத தானியம், பேருக்குக் கொஞ்சம் எண்ணெய். பசித்தபோதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டேன், எடையும் இறங்கியது. அதனால் தாவர உணவு சாப்பிட்டால் எடை ஏறாது என்று மனதுக்குள் ஒரு சட்டமே எழுதி வைத்திருந்தேன். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், “நீங்க திங்கிறதே புல்லும் பூண்டும்தான், அதுல எப்படிங்க எடை ஏறும்?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் அலுவலகத்துக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த சாப்பாட்டு ரசீதுகளில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை மேசையில் பரப்பி, எந்த வேளைக்கு என்ன சாப்பிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு, பயணத்தில் அதுவே பொரித்தது. வீட்டில் கொண்டைக்கடலை, பயணத்தில் கடலை மாவில் முக்கிப் பொரித்த ஏதோ ஒன்று. வீட்டில் முழு ஆப்பிள், பயணத்தில் உலர் பழமும் முந்திரியும் கலந்த பாக்கெட். எல்லாமே செடியில் விளைந்ததுதான். ஆனால் 300 கிராம் அவித்த உருளைக்கிழங்கு 260 கலோரி என்றால், அதே 300 கிராம் பொரித்தது 900-ஐத் தாண்டும். அந்த உலர் பழ, முந்திரிப் பாக்கெட் 200 கிராம் என்றால் ஏறத்தாழ 900 கலோரி. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே அதை நான் காலி செய்திருக்கிறேன், அதுவும் ‘இது ஆரோக்கியமானது’ என்ற நிம்மதியோடு.

ஆக, பயணத்தில் நான் தாவர உணவை விட்டுவிடவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு ஒரு உணவுமுறைக்குப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி என்ற கணக்கை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ். தண்ணீரும் நார்ச்சத்தும் நிறைந்த உணவு வயிற்றை அடைக்கும், கலோரி குறைவு. எண்ணெய் சேரச் சேர அதே அளவு உணவில் கலோரி ஏறும் என்பது அந்தக் கணக்கின் சாரம். 2021-இல் வெளியான, அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் ஆய்வு இன்னும் நேரடியானது. 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும், இன்னொரு இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த அசைவ உணவும் கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். தாவர உணவு சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 700 கலோரி குறைவாகவே உள்ளே போனது. இதைச் சொல்லிப் பெருமைப்படும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே கொடுத்த தாவர உணவில் கொழுப்பிலிருந்து வந்த கலோரி வெறும் 10 சதவீதம். என் பயணச் சாப்பாட்டில் அது பாதிக்கு மேல் இருந்திருக்கும்.

சரி, என்ன மாற்றினேன்? முதலில் உணவகத்தில் பேசும் விதம். “எண்ணெய் குறைவாகப் போடுங்கள்” என்பது பயனே இல்லாத வாக்கியம். “இதுல எண்ணெய் எவ்வளவு ஊத்துவீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “ரொம்பக் கொஞ்சம்தான் சார்” என்றார் பரிமாறியவர். வந்த கிண்ணத்தில் காய் நீந்திக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அந்தச் சமையலறைக்கு அது கொஞ்சம்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாலு கரண்டி என்பது கண்ணுக்கே தெரியாது. இப்போது அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை, சமைக்கும் முறையைத்தான் கேட்கிறேன். அவித்தது இருக்கிறதா, ஆவியில் வேகவைத்தது இருக்கிறதா, சுட்டது இருக்கிறதா? சாஸ், டிரெஸ்ஸிங் எல்லாம் தனிக் கிண்ணத்தில். கூடவே வெறும் சாதமோ அவித்த உருளைக்கிழங்கோ ஒரு தட்டு. பார்க்கச் சப்பென்று இருக்கும். என் பையில் மிளகுத்தூளும் எலுமிச்சையும் இருக்கும், சமாளித்துவிடலாம்.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைப்பவர்கள் அதைக் கண்டால் ஓடுகிறார்கள். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலிலேயே அதுதான் முதலிடம். கடைசியில் 47-உடன் நின்றது குரோசான் என்ற வெண்ணெய் ரொட்டி. விமான நிலையத்தில் அதிகம் கண்ணில் படுவது இந்த இரண்டில் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பை. நான்கு ஆண்டில் எத்தனையோ பொருள் வாங்கினேன், நிலைத்தவை மூன்று: அகன்ற வாய் ஃபிளாஸ்க், மூடி இறுகும் டப்பா, ஒரு நல்ல ஸ்பூன். விடுதி அறையில் கெட்டில் இருந்தால் வெந்நீர் கிடைக்கும், அது போதும். ஓட்ஸ், உலர்ந்த மீல்மேக்கர், சூப் பொடி எல்லாமே வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஆகிவிடும். கெட்டிலுக்குள்ளேயே சமைக்காதீர்கள், அடியில் பிடித்து அடுத்து வருபவருக்குத் தொல்லை. 50 கிராம் உலர் மீல்மேக்கரில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது, எடையோ ஒன்றுமில்லை. வயிற்றுக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும்.

ஃபிளாஸ்க் கொடுத்த தைரியத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். மைசூர்ப் பருப்பு கொதிநீரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெந்துவிடுகிறதே, ராஜ்மாவும் வேகும் என்று இரவு முழுக்க ஊறிய ராஜ்மாவைக் கொதிநீரோடு உள்ளே அடைத்து, மதியம் பாதி வெந்த நிலையில் சாப்பிட்டேன். அன்று மாலைக் கூட்டத்துக்குப் போகவில்லை, கழிவறையைவிட்டே வெளியே வரவில்லை. ராஜ்மாவில் லெக்டின் வகைப் புரதம் ஒன்று உண்டு. நன்றாகக் கொதிக்கவிட்டுப் பத்து நிமிடமாவது வேகவைத்தால்தான் அழியும். மிதமான சூட்டில் வைத்தால் அதன் நச்சு இன்னும் கூடக்கூடும். இந்த ஒரு தகவலுக்காகவே இதை யாராவது படித்தால் நல்லது. கொண்டு போவதென்றால் டின்னில் ஏற்கெனவே வேகவைத்தது.

முந்திரி போன்ற பருப்புக் கொட்டைகளை நான் விடவில்லை. 30 கிராம் பொட்டலங்களாக வீட்டிலேயே கட்டி, நாளுக்கு ஒன்று. பெரிய பாக்கெட்டாக எடுத்துப் போனால் எனக்குக் கை நிற்காது, அவ்வளவுதான். வேர்க்கடலை வெண்ணெயை ஒரு பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். 100 மில்லிக்கு மேலான திரவம் என்ற கணக்கில் அது வருமாம். கத்தியால் வெட்டி எடுக்கும் பொருள் எப்படித் திரவம் என்று வாதாடிப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

விமானத்தில் வி.ஜி.எம்.எல். என்ற குறியீட்டில் முன்கூட்டியே சொன்னால் பாலும் முட்டையும் இல்லாத தாவர உணவு கிடைக்கும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்ல வேண்டும். எனக்குப் பத்துக்கு எட்டு முறை வந்திருக்கிறது. வராதபோது நாலு துண்டு முலாம்பழமும் ஒரு பன்னும் கொடுத்தார்கள். அதனால் எப்போதும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே ஏறுகிறேன், ஆனால் பயறு வகை இல்லாமல். விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்குக்கும் மேல் விரியும். கொண்டைக்கடலை சாப்பிட்டுவிட்டு ஆறு மணி நேரம் நடு இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை.

எடை பார்ப்பதுதான் எனக்கு மிகவும் குழப்பமாக இருந்த பகுதி. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஓராண்டாவது காத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். வீட்டில் நானும் அப்படித்தான். பயணத்தில்? விடுதிகளின் குளியலறை எடை இயந்திரங்களை நம்பக் கூடாது. ஒன்று என்னை 71.5 என்று காட்டி, இரண்டு நாள் சாப்பாட்டையே கசப்பாக்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 69.

வீட்டு இயந்திரமும் முதல் நாள் பொய் சொல்லும். உடல் 400, 500 கிராம் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். உணவகச் சாப்பாட்டின் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாலு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், என்னால் அது முடியாது. அதனால் திரும்பி வந்து ஐந்தாம் நாள் காலையில்தான் எடை பார்ப்பேன். வெளியூரில் இருக்கும்வரை ஒரு குறிப்பிட்ட பேன்ட்தான் என் அளவுகோல். அதன் பொத்தான் சிரமப்பட ஆரம்பித்தால் அன்றிரவு சூப்.

இந்த முறைக்கு வந்த பிறகு, ஏறிய நாலு கிலோ ஏழு மாதத்தில் இறங்கியது. மூன்று ஆண்டாக 68-க்கும் 70-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறேன். 68-ஐ விட்டு நகராமல் நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது. தினமும் சிறு மாத்திரை என்பதைப் பயணத்தில் மறந்துகொண்டே இருந்ததால், மருத்துவரிடம் கேட்டு வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்று மாற்றிக்கொண்டேன். தூக்கம் கெட்ட மறுநாள் எனக்கு இனிப்பின் மேல் வெறி வரும், அதை வெல்ல இன்னும் தெரியவில்லை. மது ஒரு கிராமுக்கு 7 கலோரி, போதாக்குறைக்குக் கூடவே வறுவல் தட்டு வரும், நான் விட்டுவிட்டேன். நடை நல்லது, மனதுக்கு. ஒரு மணி நேரம் நடந்து எரித்ததை ஒரு பொட்டலம் சிப்ஸ் திருப்பிக் கொடுத்துவிடும்.

இன்னும் எனக்குக் கை வராதது ஒன்று உண்டு, அடுத்தவர் வீட்டு விருந்து. உணவகத்தில் கூச்சமில்லாமல் கேட்கிறேன், எனக்காகவே தேடிப் பிடித்துத் தேங்காய்ப் பாலில் சமைத்து வைத்திருக்கும் ஒருவரிடம் என்ன சொல்வது? “உங்களுக்காகப் பால் சேர்க்காமல் செய்தேன்” என்று முகம் மலரச் சொல்பவரிடம் கலோரிக் கணக்குப் பேச நாக்கு எழாது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் பதினோரு நாள் பயணம், அதில் மூன்று இரவு இப்படி அழைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் மதியத்துக்கு ஃபிளாஸ்க் ஓட்ஸ் என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.