சாலையை நறுக்குவதா, அளந்து வைப்பதா?

தேவகோட்டை ரோட்டை ஜிஐஎஸ்ஸில், அதாவது தகவலோடு சேர்ந்த கணினி வரைபடத்தில், ஏற்று என்றால் அரை மணி நேர வேலை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒரு கோடு இழுத்தால் ஆச்சு. அந்தக் கோட்டுக்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்று உட்காரும்போதுதான் சிக்கல். எந்த ரோடாக இருந்தாலும் கதை இதுதான்: ஒரு கண்மாய்க் கரை வரை புதுத் தார், தாண்டினால் பேட்ச் வேலை, அகலம் மாறுவது வேறோர் இடத்தில், வடிகால் இடப்பக்கம் மட்டும், பராமரிப்பு நடுவில் எங்கோ கை மாறுகிறது, இதில் பாதி போன வருடம் வேறு மாதிரி இருந்தது. நீளம், பக்கம், உயரம், காலம் என்று நான்கு பரிமாணத்தையும் ஒற்றைக் கோட்டின் தலையில் கட்டுகிறோம்.

இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று.

முதல் வழி நறுக்குவது. ஏதாவது ஒரு தன்மை மாறினால் அங்கே கோட்டை வெட்டு, அவ்வளவுதான். 24 கிலோமீட்டர் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், தார் 9 இடத்தில், அகலம் 6 இடத்தில், பராமரிப்பு 4 இடத்தில் மாறுகிறது, ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் 20 துண்டு. 20 என்பது பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் சாலையின் பெயர் 20 வரிசையிலும் திரும்பத் திரும்ப உட்காரும், ஒன்றில் ‘தேவகோட்டை ரோடு’, அடுத்ததில் ‘தேவகோட்டை சாலை’, இன்னொன்றில் யாரோ ‘தேவக்கோட்டை’ என்று அடித்திருப்பார். அடுத்த வருடம் வேக வரம்பையும் சேர் என்பார்கள், மறுபடி வெட்டு. பழைய துண்டின் அடையாள எண் போய்விடும், அந்த எண்ணை நம்பிக் கோத்திருந்த புகைப்படங்களும் புகார்ப் பட்டியலும் அநாதை. எனக்கு ஒருமுறை வந்த கோப்பில் சில துண்டுகள் இரண்டு மீட்டர்கூட இல்லை. எது நிஜமான மாற்றம், எது மவுஸ் வழுக்கி விழுந்த வெட்டு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்காக நறுக்குவதைத் திட்டவும் மாட்டேன். க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் தெரிந்த யாரும் திறந்து நிறம் போட்டுப் பார்த்துவிடலாம், விளக்கமே வேண்டாம். வழி கண்டுபிடிக்கிற மென்பொருளுக்கும் சந்திப்புக்குச் சந்திப்பு வெட்டின துண்டுகள்தான் வேண்டும்.

இரண்டாவது வழியில் கோட்டைத் தொடுவதே இல்லை. சாலை முழுசாக ஒரே கோடு. தார், அகலம், வடிகால் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, அதில் இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனை வரை இப்படி என்று மட்டும் இருக்கும். டெண்டரில் ‘12/4 முதல் 13/2 வரை’ என்று போடுவார்களே, 12 கிலோமீட்டர் 400 மீட்டர் என்று அர்த்தம், அதே சங்கதிதான். காகிதத்தில் பொறியாளர்கள் காலகாலமாகச் செய்வதைக் கணினிக்குக் கொண்டுவந்தது, புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. படம் வேண்டும்போது மென்பொருளே அந்த அளவுக்குக் கோட்டை வெட்டிக் காட்டும், காட்டி முடித்ததும் கோடு பழையபடி முழுசு.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பளிங்குத் தரை ஓரிடத்தில் முடிந்து ஆத்தங்குடிக் கல் தொடங்கும், தேக்குத் தூண் வேறோர் இடத்தில் முடியும், ஓடு மாறுவது இன்னோர் இடத்தில். அதற்காக அதை ஏழு வீடு என்று யாராவது சொல்வார்களா? (அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கதவு எண்ணைத் தெருவோடு கோக்கும்போது அது தனி அழுகை.)

இந்த வழியிலும் பள்ளம் உண்டு. வளைவை நிமிர்த்தி 300 மீட்டர் குறைத்துவிட்டார்கள் என்றால் அதற்கு அப்பால் இருக்கிற எல்லாத் தகவலும் 300 மீட்டர் தள்ளிப் போய் உட்காரும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடை வயலுக்கு நேரே போய்விடும். இடத்தைக் கோட்டின் தொடக்கம் 0, முடிவு 1 என்று பின்னமாகச் சேமித்தால் இன்னும் மோசம், கோட்டின் ஏதாவது ஒரு நுனியைத் தொட்டாலே முன்னும் பின்னும் மொத்தமும் நகரும். தப்பிக்க ஒரே வழி கிலோமீட்டர் கல். கல் எங்கெங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் குறித்து, கோட்டின் அந்தந்தப் புள்ளியில் ‘எம்’ அளவாக (புள்ளியோடு சேர்த்துச் சேமிக்கிற தூர எண்) அந்தக் கல்லின் எண்ணையே ஏற்றிவிட வேண்டும். அப்புறம் வளைவை நிமிர்த்தினாலும் இரண்டு கல்லுக்கு நடுவில்தான் குழப்பம். கல்லே இல்லாத ஊராட்சிச் சாலையில் பாலம், சந்திப்பு மாதிரி நகராத எதையாவது பிடித்துக்கொள்ளலாம்.

நடுவே நிற்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடம். அதுவும் நறுக்குகிற கட்சிதான், வேகமோ தார் வகையோ மாறினால் வெட்டு. ஆனால் துண்டுகளை ‘இதெல்லாம் சேர்ந்து இந்த நெடுஞ்சாலை’ என்று உறவு ஒன்றில் கோத்து வைப்பதால் சாலையின் எண் ஓரிடத்தில் நிற்கிறது. ஊருக்குப் பொதுவாகக் கொடுக்க அது அருமை, பராமரிப்புக் கணக்கு வைக்க எனக்குக் கைகொடுக்கவில்லை.

காலத்துக்கு வந்தால் மூன்றும் தடுமாறும். திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக ராமநாதபுரம் போன சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 210. 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது திருமயத்துக்குத் தெற்கே அது 536 ஆகிவிட்டது. எண்ணோடு தொடங்கும் இடமும் மாறினால் கிலோமீட்டர் கணக்கே வேறு, பழைய கோப்பில் இருக்கிற 85-ஆவது கிலோமீட்டரைப் புதுக் கணக்கில் தேடிப் பிரயோசனமில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் பழைய பதிப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கும், ஆனால் அது சொல்வது யாரோ திருத்திய நாளை, சாலை மாறிய நாளை அல்ல. இரண்டும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் அளவு வழி எனக்குப் பிடித்துப்போனது. போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தள மென்பொருளில் எண் வரம்பு, தேதி வரம்பு என்ற வகைகள் 9.2 பதிப்பிலேயே, 2012-இல், வந்துவிட்டன. ஒரு தார்ப் பதிவுக்குக் கிலோமீட்டர் வரம்பு ஒன்று, தேதி வரம்பு ஒன்று கொடுத்தால் அது ஒரு செவ்வகம் ஆகிவிடுகிறது, ஒரு பக்கம் சாலையின் நீளம், மறுபக்கம் காலம். ஒரே சாலையில் இரண்டு செவ்வகம் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்று ஒரு விதி போட்டுவிட்டால், ஒரே இடத்தில் ஒரே நாளில் கப்பியும் தாரும் என்று எவராலும் பதிய முடியாது. நறுக்கிய துண்டுகளில் இதைச் சாதிக்க நான் எழுதிப் பார்த்த நிரல்கள் எதுவும் உருப்படவில்லை. திரும்பத் திரும்ப வருகிற காலம் மட்டும் இதிலும் அடங்காது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடி புறப்பட்டால் சாலையின் ஓர் ஓரம் பாதயாத்திரைக்கு, அது வருடாவருடம் வேறு தேதி. அதற்குத் தனிப் பட்டியல்தான்.

உயரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மேம்பாலமும் அடியில் போகிற ரோடும் படத்தில் வெட்டிக்கொள்வதால் மென்பொருள் அங்கே சந்திப்பு இருப்பதாக நினைத்து, பாலத்திலிருந்து குதித்து வலப்பக்கம் திரும்பு என்று வழி சொல்லும். துண்டின் இரு முனைக்கும் தரை 0, மேலே 1 என்று மட்டம் கொடுத்தால் போதும், போன் ஜிபிஎஸ் தருகிற உயரத்தை நம்பி இறங்காதீர்கள்.

என் தேர்வு: மூலத்தை அளவு வழியில் வைப்பது, வழித்தேடலுக்கும் படத்துக்கும் தேவைப்படும்போது அதிலிருந்து நறுக்கிக்கொள்வது, நறுக்கியதைக் கையால் திருத்தவே கூடாது. கல் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா, ஒரே ஒரு தடவை நடக்கிற சர்வேயா, அப்படியானால் பேசாமல் நறுக்குங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யூடிஎம் கணக்கில் காரைக்குடி, குன்றக்குடி எல்லாம் 44-ஆம் மண்டலம், பழநி 43. இரண்டையும் பிரிக்கிற 78 பாகைக் கோடு திண்டுக்கல்லை ஒட்டி வெட்டுகிறது. பாதயாத்திரை வழி மாதிரி நீளமான சாலைக்கு ஒரே மண்டலத்தில் நீளம் எடுக்காமல் பூமி வளைவைக் கணக்கில் கொள்கிற நீளத்தை எடுங்கள். அப்புறம் கோப்பு வடிவம், ஷேப்ஃபைல் வேண்டாம், ஜியோபேக்கேஜ் எடுங்கள். ஷேப்ஃபைலிலும் ‘எம்’ நிற்கும்தான், ஆனால் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம், யூடிஎஃப்-8இல் ‘தார்’ என்று எழுதினாலே 12 ஆகிவிடுகிறது.