ரெகுலேட்டர் வேகிறது: இடத்தை மாற்றுவதா, ஆளையே மாற்றுவதா?

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் வழியில், அக்னி நட்சத்திர வெயிலில், அரியாங்குப்பம் நெரிசலில் என் பைக் நின்றுவிட்டது. செல்ஃபை அழுத்தினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சீராக்கிக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டுக்குப் போகும் வெள்ளைக் கப்ளர், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி, டீ டிகாஷன் நிறத்துக்கு வந்து, மூன்று மஞ்சள் வயர்களில் ஒன்று உருகி ஒட்டியிருந்தது. இரண்டு வருடத்தில் இது இரண்டாவது யூனிட். "அதே இடத்துல மாட்டுனா அடுத்த கோடைக்கும் வருவீங்க தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன்.

கோளாறு எங்கே என்று புரிந்தால் தேர்வு பாதி முடிந்தது. என்ஜின் ஓடும்போது, மேக்னட் கவருக்குள் இருக்கும் காயில் (கரண்ட் தயாரிக்கும் கம்பிச்சுற்று) கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி சுமார் 14.5 வோல்ட்டைத் தொட்டதும், மிச்சத்தைச் சாதாரண ஷண்ட் வகை யூனிட் ஷார்ட் செய்து காயிலுக்கே திருப்பிவிடும். அதற்குள் இருக்கும் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சில் ஏறக்குறைய 1 வோல்ட் விழும். 20 ஆம்பியர் ஓடினால் 20 வாட் சூடு, உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டியில். இதில் ஒரு வேடிக்கை: கரண்டை மிச்சப்படுத்த எல்இடி ஹெட்லைட் மாட்டினால், செலவாகாத கரண்டையும் சேர்த்து ஷார்ட் செய்ய வேண்டியிருப்பதால் யூனிட் இன்னும் சுடும். நானும் மாட்டியிருந்தேன்!

முதல் வழி இடமாற்றம். சீட்டுக்கு அடியில் புழுங்கும் யூனிட்டைக் காற்று படும் இடத்துக்குக் கொண்டுவருவது. செலவு குறைவு, பலன் நிச்சயம். ஆனால் வயரில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய வயரை நீட்டினால் வழியிலேயே வோல்ட் விழுந்து பேட்டரிக்குக் குறைவாகப் போகும். ஹெட்லைட் எரிய, 5000 ஆர்பிஎம்மில், யூனிட்டின் பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ கப்ளரோ சரியில்லை. எர்த் பக்கமும் இதே சோதனை. நம் ஊர் உப்புக்காற்றில் கப்ளர் பின் பச்சை பூக்கும்; அந்தத் தடையே சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும். கிரீஸ் வைத்து மூடுங்கள். முன்சக்கரச் சேறு அடிக்கும் இடமும் வேண்டாம், யூனிட்டின் சூட்டை வெளியேற்றும் ஃபின் தகடுகளில் சேறு காய்ந்தால் கம்பளி போர்த்திய மாதிரிதான். நெரிசலில் நின்றால் காற்று ஏது என்பது இந்த வழியின் குறை.

அடுத்தது, தைரிஸ்டருக்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்ற சுவிட்ச் வைத்த யூனிட். ஷிண்டெங்கன் நிறுவனத்தின் எஃப்எச் 020 இந்த வகை. இதுவும் ஷார்ட்தான் செய்கிறது, ஆனால் உள்ளே விழும் வோல்ட் மிகக் குறைவு, அதனால் யூனிட் குளிர்ச்சியாக இருக்கும். காயிலுக்கு மட்டும் எந்த நிம்மதியும் இல்லை. அது முழுக் கரண்டையும் சுமந்து வெந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது சீரிஸ் வகை. அதே நிறுவனத்தின் எஸ்எச் 775. போதும் என்றதும் இது ஷார்ட் செய்யாமல் இணைப்பையே திறந்துவிடும். காயில் தேவையான கரண்டை மட்டும் தரும், இரண்டுமே சூடு தணியும். விலைதான் இடிக்கிறது, போலிச் சரக்கும் நிறைய. இன்னொன்று, இணைப்பு திறந்திருக்கும்போது காயிலில் வோல்ட் எகிறும். இன்சுலேஷன் நொந்துபோன பழைய காயிலில் இதைப் போடுவது ஆபத்து.

இந்தப் பேச்செல்லாம் மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளுக்கு. அப்படி இல்லாத சிறிய வண்டிகளில் இவற்றை மாட்டப் பார்க்காதீர்கள்.

யூனிட் மட்டும் போகிறது, காயில் நன்றாக இருக்கிறது என்றால் நான் இடமாற்றத்தோடு நிறுத்திக்கொள்வேன். மாஸ்ஃபெட், நகர்த்த இடமே இல்லாத வண்டிக்கு. என் வண்டியில் மேக்னட் கவரைத் திறந்தபோது காயிலின் ஒரு பக்கச் சுற்று கரி பிடித்திருந்தது. அதனால் காயிலைப் புதிதாகச் சுற்றி, சீரிஸ் யூனிட் வாங்கி, அதையும் காற்றுப்பக்கம் மாட்டினோம். மீட்டர் 14.2 காட்டுகிறது. கழற்றிய எல்இடியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன், இனி அதனால் தொல்லையில்லை.