பெயின்ட் அடித்த பிறகு மீன் தொட்டி ஸ்டாண்டைப் பார்க்காதீர்கள்: திருகோணமலையில் எனக்கு நடந்தது

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்ட் செய்யக் கொடுக்க நினைப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். எனக்கு 72,000 ரூபாய் போனது. மீன்கள் தப்பியது கடவுள் செயல். அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தொட்டிக்கு முன்னால் பாய் விரித்துப் படம் கீறிக்கொண்டிருக்கும் என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது.

எல்லாம் இரண்டு ஒஸ்கார் மீன்களால் வந்தது. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கும்போது அவை என் பெருவிரல் நீளம்கூட இல்லை. ஒஸ்கார் ஒரு அடி வரை வளரும் மீன். ஒன்றரை வருடத்தில் பழைய தொட்டியில் திரும்ப இடமில்லாமல் வாலைக் கண்ணாடியில் அடிக்கத் தொடங்கிவிட்டன. அதனால் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் 12 மில்லிமீற்றர் கண்ணாடியில் புதுத் தொட்டி ஒட்டுவித்தேன். கண்ணாடி வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த அளவுத் தொட்டியின் பாரத்தைப் பலர் யோசிப்பதில்லை. நான் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டேன். 16 கன அடி; ஒரு கன அடிக்கு 28.3 லீற்றர். விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 415 லீற்றர், அதாவது 415 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 30 கிலோ, ஆகவே வெறும் தொட்டியே 90 கிலோ. கல்லும் மணலும் சேர்த்தால் மொத்தம் 540 கிலோவுக்குக் கிட்ட. பதினொரு சீமெந்து மூட்டையை ஒரு மேசையில் அடுக்கி, இரவும் பகலும் வருடக்கணக்கில் இறக்காமல் விட்டால் எப்படியோ அப்படி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஸ்டாண்ட் செய்ய ஒத்துக்கொண்ட தளபாட வேலைத்தளத்துக்காரரின் கையில் கொடுத்தேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பயப்படாதீங்க அண்ணன். முழுக்க முதிரை மரம். ஆனை ஏறி நின்றாலும் அசையாது" என்றார். நான்குக்கு நான்கு அங்குலக் கால்கள், மேலே ஒரு அங்குல முதிரைப் பலகை, முன்னால் இரண்டு கதவு, விலை 72,000 என்று பேச்சு. முற்பணம் 40,000. இதையெல்லாம் அவரே வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. பற்றுச்சீட்டு கேட்டேன். ஒரு அட்டையின் பின்பக்கத்தில் "மீன் தொட்டி ஸ்டாண்ட் 1" என்று எழுதித் தந்தார். மரத்தின் பெயரையும் அதில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து கொடுத்த வேலை, மூன்று கிழமை என்றவர் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகுதான் கொண்டுவந்தார். இடையில் இரண்டு தடவை போய்ப் பார்க்கக் கேட்டேன். "வேலை குழம்பிக் கிடக்குது, முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்றார். எனக்கு விழுந்த முதல் அடி அதுதான். மரத்தைச் சாயம் பூசுமுன் பார்க்க விடாத இடத்தில் வேலை கொடுக்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பட்டா வாகனத்தில் வந்து இறங்கியபோது ஸ்டாண்ட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேன் நிறச் சாயம், அதன் மேல் முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ். அவரும் ஒரு பையனும் இரண்டு பேராக அதை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டுப் படியேறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்கவில்லை. முதிரை கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைக்கு வரும் மரம். நான்குக்கு நான்கில் இரண்டரை அடிக் கால் ஒன்றே ஏழு கிலோ நிற்கும். அந்த அளவில் முழு ஸ்டாண்டும் முதிரை என்றால் இரண்டு பேர் அப்படித் தூக்க முடியாது. நான் மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சம் 32,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு கிழமை எல்லாம் சரி. மே மாதம் கச்சான் காற்று தொடங்கியது. இங்கே அந்தக் காற்று எப்படி வறட்டும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் இடது கதவு சட்டத்தில் உரசியது. பிணைச்சல் இளகியிருக்கும் என்று இறுக்கிவிட்டேன். மறுநாள் இன்னும் உரசியது. மூன்றாம் நாள் தொட்டியைத் துடைக்கும்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். இடது ஓரத்தில் தண்ணீர் மேல் விளிம்புக்குக் கிட்ட நிற்கிறது, வலது ஓரத்தில் இறங்கி நிற்கிறது. அளந்தேன். ஒன்பது மில்லிமீற்றர் வித்தியாசம்.

தண்ணீர் பொய் சொல்லாது. அதன் மேற்பரப்பு எப்போதும் மட்டமாகவே நிற்கும். தொட்டிதான் சாய்ந்திருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் நான்கு மூலையிலும் தண்ணீர் உயரத்தை மாதத்தில் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. என் வீட்டைக் காப்பாற்றியது அந்த அளவுதான்.

கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடது பின்காலோடு குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. மகளை வெளியே அனுப்பிவிட்டு, குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி முற்றத்துத் தென்னைக்கு விட்டோம். மீன்கள் நீலப் பிளாஸ்டிக் பரலுக்குப் போயின. பாதித் தொட்டி இறங்கும்போது ஸ்டாண்டிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். எங்களுக்குக் கை கால் விறைத்துப்போனது. கண்ணாடி பாரம் தாங்கும், ஆனால் முறுக்குத் தாங்காது. ஒரு மூலை இறங்கினால் அடிக்கண்ணாடி வெடிக்கும், இல்லாவிட்டால் சிலிக்கன் ஒட்டு பிரியும். 400 லீற்றர் தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளும் ஒரே நேரத்தில் அறைக்குள் வந்திருக்கும்.

வேலைத்தளத்துக்காரருக்கு அன்று மாலையே எடுத்தேன். "உங்கட வீட்டு நிலம் சரியில்லை அண்ணன்" என்றார். நிலத்தில் நீர்மட்டக் கருவி வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணி கூட விட்டிருப்பீங்க" என்றார். அதன் பிறகு கோல் எடுக்கவேயில்லை. நேரில் போனபோது பையன் மட்டும் நின்றான். முதலாளி கொழும்புக்குப் போனார் என்றான். அவனில் பிழையில்லை.

திருக்கடலூரில் வள்ளம் பழுது பார்க்கும் வயதான ஓடாவி ஒருவரை மாமா கூட்டி வந்தார். அவர் முதலில் செய்த வேலை, ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டதுதான். காலின் அடிப்பக்கத்துக்குச் சாயம் படவில்லை. வெள்ளையாக இருந்தது. நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. ஒரு சின்னத் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். தக்கை மாதிரி மிதந்தது. "இது அல்பீசியா தம்பி. முதிரையெண்டால் முக்கால்வாசி தாழவேணும். வாசமும் வரும்" என்றார்.

கால்களைக் கீறிப் பார்த்தால் நான்குக்கு நான்கு என்பதும் பொய். ஒரு அங்குலப் பலகை நான்கை ஒட்டிய கூடு, உள்ளே வெறுமை. மேல் பலகை மெலமைன் ஒட்டிய தூள் பலகை. வடிகட்டிக் குழாயிலிருந்து சொட்டிய இடத்தில் பிட்டு மாதிரி ஊதி உதிர்ந்தது.

ஆனால் ஓடாவி தலையில் கை வைத்தது மரத்தைப் பார்த்து இல்லை, பொருத்தைப் பார்த்து. தொட்டியின் பாரம் மேல் சட்டத்திலிருந்து காலின் தலைக்கு நேராக இறங்கி நிலத்துக்குப் போக வேண்டும். சட்டம் காலின் மேல் உட்கார வேண்டும், அல்லது காலில் வெட்டிய படியில் உட்கார வேண்டும். எனக்குச் செய்து தந்ததில் சட்டங்கள் காலின் பக்கவாட்டில் ஒட்டி, மூலைக்கு இரண்டு திருகாணியில் தொங்கின. அரை டன் பாரம் முழுவதும் எட்டுத் திருகாணியின் கழுத்தில். அவையும் ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணிகள். அந்த ரகம் இறுகும், ஆனால் வளையாது. பக்கவாட்டில் பாரம் வந்தால் முறியும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் கறளும் பிடித்து, இரண்டு ஏற்கனவே தலை முறிந்திருந்தன. இடுக்கியால் தொட்டதும் மூன்றாவது கையோடு வந்தது. பின்பக்கம் முழுத் திறப்பு. மூலைவிட்டமாக ஒரு சட்டமோ, பின்னால் ஒரு பலகையோ இல்லாத நான்கு கால் எதுவும் பக்கவாட்டில் ஆடும். பாரம் கூடக் கூட அந்த ஆட்டம் கூடும்.

இது எல்லாமே சாயத்துக்கும் வார்னிஷுக்கும் கீழே மறைந்திருந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மரத்தை வெட்டி, பொருத்திப் பார்த்து, பெயின்ட் தொடாத நிலையில் போய்ப் பாருங்கள். அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுக்கொடுப்பனவை அன்றைக்குத்தான் கொடுங்கள். சட்டம் எங்கே உட்காருகிறது என்று கையை வைத்துத் தடவிப் பாருங்கள். "முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்பவரிடம் முற்பணத்தை அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

புது ஸ்டாண்டை அந்த ஓடாவியே எங்கள் முற்றத்தில், என் கண் முன்னால் செய்தார். இந்த ஊர் மரத்துக்குப் பேர்போன ஊர். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லும் மரத்துக்கு ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்தார்கள். இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறிய மரம் அது. அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு வேலை நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு உடைத்த இடத்தில் பழைய முதிரைச் சட்டங்கள் வாங்கினோம். வருடக்கணக்காகக் காய்ந்த மரம், இனிச் சுருங்கப் பெரிதாக இல்லை. மூன்றுக்கு மூன்றில் ஆறு கால், நீளத்தின் நடுவிலும் முன்னுக்கொன்று பின்னுக்கொன்று. ஒவ்வொரு காலின் தலையிலும் படி வெட்டி மேல் சட்டம் அதில் உட்கார்ந்தது. கீழ்ச் சட்டத்துக்குக் காலில் துளை வெட்டி, சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி அதற்குள் இறக்கினார். வள்ளத்துக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள் பொருத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும், பாரம் அவற்றில் இல்லை. பின்பக்கம் முழுக்க அரை அங்குல பிளைவுட் ஒட்டித் திருகினார். மேலே முக்கால் அங்குல மரைன் பிளைவுட், வெட்டு ஓரம் உட்பட மூன்று தடவை வார்னிஷ். அதன் மேல் மெல்லிய ரிஜிபோம் தாள். சட்டமில்லாத வெறும் கண்ணாடித் தொட்டிக்குத்தான் இந்தத் தாள். சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். சாய்ந்த ஸ்டாண்டை அது நிமிர்த்தாது.

தொட்டி வைக்கும் முன் ஓடாவி ஒன்று செய்தார். பக்கத்து வீட்டில் மதில் கட்ட வந்திருந்த சீமெந்தில் பன்னிரண்டு மூட்டையை இரவல் வாங்கி ஸ்டாண்டில் ஏற்றினார். 600 கிலோ. முன் சட்டத்தின் கீழ் ஓரத்தில் நுனிக்கு நுனி நூல் இழுத்துக் கட்டினார். இரண்டு நாள் கழித்து வந்து நடுவில் பார்த்தார். மரம் நூலுக்குக் கீழே ஒரு தாள் கனத்துக்குக்கூடத் தொய்யவில்லை. "இனி மீனை விடு தம்பி" என்றார். தண்ணீரையும் ஒரேயடியாக விடவில்லை. மூன்றில் ஒரு பங்கு விட்டு ஒரு நாள் பார்த்து, பிறகு அடுத்த பங்கு. நான்கு மூலையும் இன்றுவரை ஒரே அளவில் நிற்கின்றன.

பணத்தை நான் விடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பொருளை விற்று அல்லது சேவையைச் செய்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் "இன்றைக்கு வாறேன், நாளைக்கு வாறேன்" என்று யாரும் இழுத்தடித்தால் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். குரல் பதிவு, அந்த அட்டை, தண்ணீர் சாய்ந்து நின்ற படம், முறிந்த திருகாணிகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். விசாரணை முடியாததால் வேலைத்தளத்தின் பெயரை எழுதவில்லை.

பழைய ஸ்டாண்டை விறகாக்கச் சொல்லி மனைவி கேட்கிறாள். அது கோடிக்குள் தறப்பாள் போர்த்துக் கிடக்கிறது. விசாரணைக்கு வருகிறவர் அந்த வெள்ளைக் காலைத் தன் நகத்தால் அழுத்திப் பார்க்கும்வரை அங்கேயே கிடக்கும்.